அளவெடுத்துத் தைத்த மழை

"மழைக் கணக்கு பொருந்துது எண்டுதானே சோதனை சொல்லுது? பிறகும் ஏன் வீடுகளைக் குடுக்கக் கூடாது எண்டுறியள்?"

பொறியியலாளர் மதுசூதனனின் குரல் உயர்ந்தது. ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கட்டிய புதிய வீடுகள் வெள்ளையடித்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பழைய மழைப் பதிவுகளை ஒரு வளைகோட்டில் பொருத்தி, சரிவுக்கு மேலே வெட்டிய வடிகால் எந்த மழையையும் தாங்கும் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். அதைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து வந்திருந்தாள் புள்ளியியலாளர் சிவசக்தி.

"சோதனையில பிழையில்லை சேர். கோட்டைவிட்டு எவ்வளவு விலகலாம்னு நீங்க பார்த்த அட்டவணைதான் பிழை. வளைகோட்டோட சராசரியையும் பரவலையும் எங்கேருந்து எடுத்தீங்க?"

"இந்த மழைத் தரவிலயிருந்துதான். வேற எங்க போறது?"

"அதே தரவை வச்சே பொருந்துதான்னும் பார்த்திருக்கீங்க. ரெடிமேட் சட்டை கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா விட்டுடலாம். அளவெடுத்துத் தைச்ச சட்டை அப்படி இருந்தா விடுவீங்களா? உங்க அட்டவணை ரெடிமேடுக்கு உள்ளது."

மதுசூதனன் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப எதைப் பாக்கிறது?"

சிவசக்தி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க வளைகோட்டிலேருந்தே ஆயிரக்கணக்குல பொய் மழைகளை உண்டாக்கினேன். ஒவ்வொண்ணுக்கும் புதுசா அளவெடுத்துத் தைச்சுப் பார்த்தேன். நிஜ மழைத் தரவு அளவுக்குக் கோட்டைவிட்டு விலகினது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். நிஜ மழை உங்க கோட்டுக்குள்ள அடங்கலை சேர். பெருமழை நீங்க நினைச்சதைவிட அடிக்கடி வரும். சரிவுக்கு மேல வெட்டின இந்தக் கான் பத்தாது."

அவர் மடிக்கணினியைத் தள்ளி வைத்தார். அவள் கணக்கு சரிதான் என்று தெரிந்தது. அதனால் கோபம்தான் வந்தது.

"உங்களுக்கென்ன, சொல்லிப்போட்டுக் கொழும்புக்குப் போயிடுவியள். இந்தச் சனம் இன்னொரு மழைக்கும் ஒழுகிற பழைய லயத்து வீடுகளில கிடக்கோணும். அது விளங்குதோ?"

"லயம் ஒழுகும் சேர், மண்ணோட சரியாது. கானை அகலமாக்கிட்டு அடுத்த வருசம் குடுங்க."

துளித் தயக்கமும் இல்லை. ஏழைகளின் பாடு தெரியாத பெண் என்று எண்ணிக்கொண்டார் மதுசூதனன். ஆனால் சரிந்த மண்ணுக்கு அடியில் வீடுகளை ஒரு முறை பார்த்தவர் அவர். தொலைபேசியை எடுத்து விழாவை நிறுத்தச் சொன்னார்.

"சனத்துக்கு நீங்களே சொல்லுங்கோ. என்னால ஏலாது."

"சொல்றேன் சேர்."

வெளியே, வேலை முடிந்து வந்த பெண்கள் புது வீடுகளை எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். சிவசக்தி எல்லோரையும் தாண்டி, கொழுந்துக் கறை படிந்த கைகளோடு ஓரமாய் நின்ற இராக்கம்மாவிடம் போய் மெல்லிய குரலில் விவரம் சொன்னாள். அழுகையோ கூச்சலோ எழும் என்று பின்னால் நின்ற மதுசூதனன் காத்திருந்தார்.

இராக்கம்மா சிவசக்தியின் கன்னத்தைத் தடவினாள்.

"அதுக்கு ஏன் புள்ள மொகம் வாடுற? நீ பொறந்த லயத்துக் காம்பராதானே, இன்னும் ஒரு மழைக்கு அதுலயே இருந்துட்டுப் போறேன்."