முப்பது மடங்கு ஜூம்

"கையைத் தூக்கிக் காட்டு சம்பூர்ணம். மூஞ்சி விழலன்னா பரவால்ல, கை தெரியணும்."

ஆம்பூர் டேனரியின் வெல்ஃபேர் ஆபீசர் புகழேந்தி மாடிப்படியில் நின்றபடி புதுக் கேமராவை நீட்டினார். கீழே, தோல் ஊறும் டிரம்முக்குப் பக்கத்தில், தேங்கிய நீலத் தண்ணீரில் நின்ற சம்பூர்ணம் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். ஆரஞ்சு நிற ரப்பர் கிளவுஸ் முழங்கை வரை பளபளத்தது.

"சட்டைப் பைக்குள்ள போற சைஸு, முப்பது மடங்கு ஜூம்! இங்கேர்ந்தே ரப்பர்ல இருக்கிற கோடு தெரியுது."

"எறங்கி வந்தா ஜூமே வேணாமே சார்."

"ஷூ புதுசும்மா. சரி, ஆச்சு. கழட்டி சாமுவேல் கைல குடு. அடுத்த ஆளு!"

டிரம் செக்‌ஷனில் பதினாலு பேர். கிளவுஸ் ஒரே ஒரு ஜோடி.

சம்பூர்ணம் மெதுவாகக் கழற்றினாள். குரோம் தண்ணீர் தின்ற விரல்கள் வெளியே வந்தன. நகக்கண் எல்லாம் வெடித்திருந்தது. இரண்டு வருஷமாகக் கிளவுஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மூன்று நிமிஷம் கிடைத்தது.

"இன்னா சார் இது, எடது கட்டை விரல்ல? நீலத்துல டிக் போட்டு வாலைச் சுழிச்சி வெச்சிருக்கு."

"இந்த டேனரில எதும்மா நீலமா இல்ல? சீக்கிரம். சாயந்திரம் இதைத் திருப்பி அனுப்பணும்."

கிளவுஸ் மேல்விஷாரத்திலிருந்து வந்திருந்தது. அங்கே ஒரு டேனரியில் வெல்ஃபேர் ஆபீசராக இருக்கும் மஹபூப் பாஷா புகழேந்தியின் தோஸ்த். அவர்களுக்குப் போன மாசமே தொழிலாளர் பாதுகாப்பு ஆடிட் முடிந்துவிட்டது. இங்கே திங்கட்கிழமை. ஆடிட்டர் கையெழுத்துப் போடவில்லை என்றால் ஜெர்மனி ஆர்டர் கையை விட்டுப் போகும். ஆர்டர் போனால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் புகழேந்தி. முதலாளி அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்று மாலையே பதினாலு படங்களையும் ஆடிட்டருக்கு அனுப்பினார். ஆபீசர்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் மாதிரிக்கு நாலைப் போட்டு, கூடவே தன் அபிப்பிராயத்தையும் எழுதினார். 'சின்னக் கேமராதான். தூரத்திலிருந்து எடுத்தாலும் பிசிறே இல்லை. பெரிய வசதி என்னவென்றால், தொழிலாளி பக்கத்தில் போகவே தேவையில்லை.'

பதினோரு கட்டை விரல்கள் விழுந்தன. மஹபூப் பாஷா மட்டும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "சூப்பர் தோஸ்த்! அடுத்த வருஷம் கிளவுஸோட கேமராவையும் சேத்து சுத்த விடுவோம்."

திங்கட்கிழமை ஆடிட்டர் பாரதி சென்னையிலிருந்து வந்தார். டிரம் செக்‌ஷனைப் புகழேந்தி பூட்டி வைத்திருந்தார். "மெயின்டனன்ஸ் மேடம். கிளவுஸ் எல்லாம் வாஷுக்குப் போயிருக்கு. படம் அனுப்பினேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

பாரதி சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், தேதியைப் படித்தார், பேனாவால் அதன் அடியில் ஏதோ குறித்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து எண்ணினார், அதிலும் குறித்தார். பிறகு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்.

டீ கொண்டுவரச் சம்பூர்ணத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். கிளாஸை வைத்த கையைப் பாரதி பார்த்தார். அதற்கு ஜூம் தேவைப்படவில்லை.

"கிளவுஸ் குடுக்கறாங்களாம்மா?"

புகழேந்தி கூரையைப் பார்த்தார்.

"குடுத்தாங்க மேடம். போட்டோ கூட புட்ச்சாங்க."

புகழேந்திக்கு மூச்சு திரும்பியது. பாரதி ஒரு படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"கேமரா நல்லா இருக்கு சார். பிசிறே இல்ல. எடது கட்டை விரல்ல ஒரு நீல டிக் தெரியுது பாருங்க."

"ஆமா மேடம்."

அடுத்த படம். அடுத்தது. அதற்கும் அடுத்தது.

"பதினாலு பேர் கைலயும் அதே எடத்துல, அதே டிக் இருக்கு."

புகழேந்தி பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். ஒரு பொய் கிடைக்க அவருக்கு ஒரு நொடி போதும்.

"அது நம்ம கம்பெனி மார்க் மேடம். ஒவ்வொரு ஜோடிலயும் போட்டுத்தான் குடுப்போம். இல்லன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்டுவாங்க, பாத்திரம் கழுவ."

காலி தட்டோடு நின்ற சம்பூர்ணம் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"யாரு போடறது?"

"நானேதான் மேடம். அடுத்தவங்கள நம்புறதில்ல. ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா என் கையாலயே போட்டேன்."

பாரதி தலையாட்டினார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, ஆடிட் தாளின் ஓரத்தில் ஒரு டிக் போட்டார். நீல மை. வால் நன்றாகச் சுழிந்திருந்தது.

"அதை நான் போட்டேன் சார். போன மாசம், மேல்விஷாரத்துல."