டிரைவர் பக்கக் கதவு

"முப்பது மூட்டையும் டிரைவர் பக்கக் கதவுலதான் இருக்கணும். அந்தப் பக்கம் ஒண்ணுகூடப் போகக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று குணவதி அதட்டினாள்.

"சரிக்கா, சரிக்கா" என்றபடி தனேஷ் கடைசி மணல் மூட்டையை இடுக்கியால் எடுத்து வைத்தான். மூட்டை மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தது. லோரியே ஒரு செருப்பு நீளம்தான்.

பாயான் பாருவில் தொழிற்சாலை வேலை போக, தனேஷுக்கு இதுதான் பைத்தியம். பெட்டியில் துண்டு துண்டாக வரும் குட்டி ராணுவ வண்டிகளை ஒட்டி, நிஜமாகவே சண்டைக்குப் போய்வந்த வண்டியாக ஆக்கிவிடுவான். களிமண் மாதிரியான பட்டியை உருட்டி மணல் மூட்டை, பசையில் நனைத்த டிஷ்யூவில் தார்ப்பாய், பின்னால் தொங்கும் சமையல் சட்டி, தண்ணீர் டின் என்று ஒன்றையும் விடமாட்டான்.

குணவதி கொண்டுவந்தது ஒரே ஒரு போட்டோ. அமைதிப்படையோடு வெளிநாடு போன அவள் கணவர் நல்லமுத்து, லோரிக்கு முன்னால் நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். முன் கண்ணாடியை இரும்புத் தகடு மறைத்திருக்கிறது, நம்பர் பலகை முழுக்கச் சேறு. ஒரு கதவில் மணல் மூட்டைகள் கழுத்து வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. இன்னொரு கதவு மொட்டை.

படம் எடுத்த அன்றைக்கே, அதே லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது, கண்ணிவெடியில் நல்லமுத்து இறந்துபோனார். லோரியை ஓட்டிய குணாளன் பிழைத்து வந்தார். அவர் வேறு யாருமில்லை, குணவதியின் கூடப்பிறந்த அண்ணன்தான்.

"'இருந்த மூட்டைய எல்லாம் மச்சான் பக்கம்தான் அடுக்கினேன்'னு தண்ணீர்மலைக் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணாரு எங்கண்ணன், தம்பி! போட்டோ பொய் சொல்லுமா? டிரைவர் உக்கார்றது வலது பக்கம். மூட்டையும் அங்கதானே இருக்கு? அவரு உசுரு அவருக்கு வெல்லக்கட்டி. என் புருஷன் உசுரு மட்டும் என்ன, குப்பையா?"

முப்பது வருடமாக அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. இன்று மத்தியானம் அந்த அண்ணன் மகள் அதிராவுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்திருந்தது. போகத்தான் போகிறாள் குணவதி! அத்தை சீர் என்று சொல்லி, சபை நடுவில், மேடையிலேயே இந்த லோரியை அண்ணன் கையில் கொடுத்து, "இப்ப சொல்லுங்க, மூட்டை எந்தப் பக்கம்?" என்று கேட்கப் போகிறாள்.

தனேஷ் இடுக்கியைக் கீழே வைத்தான். வேலையை ஒத்துக்கொண்டபோது அவனுக்கு இதெல்லாம் தெரியாது. காலையில்தான் சொன்னாள்.

"வேணாம்க்கா. கல்யாணப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"கனவுல வந்து நிக்கிறாரே அவரு, அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? வாரத்துல ரெண்டு நாள் வந்துடறாரு. வாயே தொறக்கறதில்ல. சோத்துக்கைய மட்டும் என் முன்னால நீட்டிக்கிட்டே நிக்கிறாரு. நியாயம் கேக்கறாரு தம்பி. நேத்தும் வந்தாரு."

பட்டப்பகலில், ஃபேன் ஓடிக்கொண்டிருந்த அறையில், தனேஷ் தன்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். யாருமில்லை.

லோரி முடிந்தது, மனிதர்தான் பாக்கி. நேற்றே வண்ணம் தீட்டி வைத்திருந்த குட்டி நல்லமுத்துவை எடுத்து, லோரிக்கு முன்னால் ஒட்டினான்.

குணவதி குனிந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அந்த நெத்தி, அந்தத் தொப்பி... அப்படியே இருக்காரு" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்னலா தம்பி இது! பீச்சாங்கையால சாப்பிடறாரு?"

"போட்டோவுல அப்படித்தான்க்கா இருக்கு."

"சும்மா இரு! அந்தக் கையால ஒரு கடலையக்கூட வாயில போடமாட்டாரு. வேற யாராச்சும் செஞ்சாகூடத் திட்டுவாரு."

"நீங்களே பாருங்க." போட்டோவை அவளிடம் நீட்டினான். உண்மைதான், இடது கை. முப்பது வருடமாக எடுத்து எடுத்துப் பார்த்த படம். அவள் கண் மூட்டையைவிட்டு நகர்ந்தால்தானே கை தெரியும்?

தனேஷ் போட்டோவைத் திரும்ப வாங்கினான். அவனுக்குச் சுரீரென்றது. பழைய ஃபிலிம் காலத்துப் படம். படங்களைப் பார்த்து வண்டி செய்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாந்திருப்பார்கள். போட்டோ கடைக்காரன் ஃபிலிமைப் புரட்டிப் போட்டுக் கழுவிவிட்டால், இடம் வலமாகிவிடும்.

"இங்க வாங்கக்கா" என்று அவளை அலமாரிக் கண்ணாடி முன் நிறுத்தி, போட்டோவைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்தான்.

கண்ணாடிக்குள் நல்லமுத்து வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இதான்! இதான் அவரு!" குணவதி சிரித்தேவிட்டாள். பிறகு அவள் பார்வை மெல்ல அவருக்குப் பின்னாலிருந்த லோரிக்குப் போனது. ஒரு கதவைப் பார்த்தாள். இன்னொரு கதவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தனேஷ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியதும் அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணன் தனக்குன்னு ஒரு மூட்டைகூட வச்சுக்கலியே, தம்பி!"