ஐந்நூறு கிலோமீட்டர்

“ஐந்நூறு கிலோமீட்டர். விமானம்னா ஒரு மணி நேரம். இவ காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா, மணி ஒண்ணாகியும் காணோம். பச்சப்புள்ளயைத் தனியா அனுப்பாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.”

மனைவியின் புலம்பலைக் கேட்டபடி தையல்காரர் மீண்டும் மணி பார்த்தார். “வழியில மழையாம். எதிர்வீட்டுக்காரர் பையனும் இன்னும் வரல,” என்றார்.

மாடியில் சிறகடிப்பு கேட்டது. முதலில் படியேறி ஓடியவள் மனைவிதான். கூண்டின் மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அந்தச் சாம்பல் புறா. தையல்காரர் அதன் கால் வளையத்தைக் கழற்றி, பந்தயக் கடிகாரத்தில் போட்டு நேரத்தைப் பதிந்தார்.

மூன்று வருடமாகக் கோப்பையைத் தட்டிச்சென்ற எதிர்வீட்டுக்காரர், தன் மாடியில் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புறா தண்ணீர்த் தொட்டியில் இறங்கியதும், மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குரல் கொடுத்தாள்.

“அண்ணே, எங்க பொண்ணு வந்து குளிக்கவே இறங்கிட்டா. உங்க பையன் எதுவரைக்கும் வந்திருக்கான்?”