அச்சு அசலாக இரண்டு

"ஒண்ணு மண்டையைப் போட்டாலும் இன்னொண்ணு அசராம ஓடும், மேடம். அதுக்குப் பேருதான் மிரர்" என்றபடி கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார் மெக்கானிக்.

ஏற்கெனவே இருந்த ஹார்ட் டிஸ்க்கில் பாதிக்கு மேல் அந்தத் தம்பதியுடைய மகளின் படங்கள்தான். குப்புற விழுந்தது, முதல் பல், மழலையில் அப்பாவை மிரட்டியது எல்லாம். இப்போது ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். இன்னொரு டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறோம், இரண்டிலும் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும், ஒரு படம்கூட விட்டுப்போகக் கூடாது என்று கணவன் போனிலேயே சொல்லியிருந்தான். கதவைத் திறந்ததும் மனைவியும் அதையே சொன்னாள்.

விட்டுப்போவதா? மெக்கானிக்குக் கொஞ்சம் ரோஷமே வந்துவிட்டது. இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர் அவர்.

ஆனாலும் வேலை லேசில்லை. கணவனுக்கு விண்டோஸ்தான் சரிப்படும். மனைவிக்கோ லினக்ஸ் இல்லாமல் கை ஓடாது. ஒரே பெட்டிக்குள் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டமும் இருந்தன. விண்டோஸுக்குள் மிரர் போட்டால் லினக்ஸுக்குப் புரியாது. லினக்ஸுக்குள் போட்டால் விண்டோஸ் திருதிருவென முழிக்கும். அதனால் இரண்டுக்கும் அடியில், மதர்போர்டிலேயே டிஸ்க்குகளை ஜோடி சேர்த்தார்.

"ஆளுக்கொரு வழியா இருந்தாலும் ஒரே வீட்டுல சண்டையில்லாம ஓடுது பாருங்க" என்று சிரித்தார்.

அவர்கள் சிரிக்கவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும்போது எந்த வீட்டில்தான் சிரிக்கிறார்கள்!

ஹாலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஒன்றைத் தனியாகக் கழற்றினாலும் அதில் எல்லாமே இருக்குமா என்று மனைவி கேட்டாள். இம்மியளவும் குறையாது என்றார். சற்று நேரத்தில் கணவன் வந்து அதே கேள்வியைக் கேட்டான். சரியான ஜோடிதான் போ என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கும் பொறுமையாக விளக்கினார். கையால் காப்பி எடுத்தால் ஒன்றிரண்டு தவறலாம், மிரரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றார்.

திரையில் நீலப் பட்டை மெல்ல நகர்ந்து நூறைத் தொட்டது. விண்டோஸைத் திறந்து காட்டினார். லினக்ஸையும் திறந்து காட்டினார். இரண்டிலும் மகள் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தாள். அந்த ஒரே படத்தை இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெக்கானிக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து, மூடியை மாட்டப் போனார்.

"மூடாதீங்க அண்ணே. ஒரு டிஸ்க்கைக் கழட்டிக் குடுத்துடுங்க" என்றான் கணவன்.

"ஏன் சார்? இப்பதானே ஜோடி சேர்த்தேன். நல்லா ஓடுறதைப் போய் யாராவது பிரிப்பாங்களா?"

கணவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மனைவிதான் பதில் சொன்னாள்.

"ஒண்ணு அவர் வீட்டுக்கு, இன்னொண்ணு என் வீட்டுக்கு. பாப்பாவைத்தான் இப்படி ரெண்டா ஆக்க முடியல, அண்ணே."