கண்ணை உறுத்தும் பேக்கப்

"நம்ம பழசு, புதுசு எல்லா சர்வருக்கும் இந்த சாஃப்ட்வேர் ஒண்ணே போதும் சார். தினமும் தானாவே பேக்கப் எடுத்துடும். போன மாசம் படுத்துட்ட சர்வர்ல இருந்ததைக்கூடப் பழைய பேக்கப் டேப்லேருந்து மீட்டுடும்," என்றாள் சிஸ்டம் இன்ஜினியர்.

"ஸ்கிரீன் கலர் கண்ணை உறுத்துதும்மா. வேற பாரு," என்றார் மேனேஜர்.

இப்படியே மூன்று நல்ல சாஃப்ட்வேரை ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக் கழித்துவிட்டார். அவளுக்கு அலுத்துப்போனது.

"கடைசியா ஒண்ணு இருக்கு சார். ஆனா பழைய டேப்பைப் படிக்காது."

"அதையே வாங்கிடு." மேனேஜர் முகத்தில் களை வந்தது.

அப்போது முதலாளி எட்டிப் பார்த்தார். "டேப்பைப் படிக்கறதையே வாங்குங்க. சர்வரோட போச்சுன்னீங்களே உங்க வருஷ ரிப்போர்ட், அது எனக்கு நாளைக்கு வேணும்."

அவர் தலை மறைந்ததும் மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, எழுதாத ரிப்போர்ட்டைக்கூட மீட்டுத் தர்ற சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கா?"