சிவனாண்டியை வித்தாச்சு

"எங்க வீட்டுக்காரர விக்க நீங்க யாரு?"

ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று கேட்டாள் பூங்கொடி. தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். கையில் தீக்குச்சி மருந்து வாசம்கூடப் போகவில்லை.

கடைக்காரர் வன்னியபெருமாள் தலை நிமிரவில்லை. யாருடைய ஆதார் அட்டையையோ மெஷினில் திருப்பிப் போட்டார்.

"வித்தாச்சு தாயி. இனி பேசி என்ன?"

விஷயம் இதுதான். கோவில்பட்டி பூராவும் ஹாக்கி மட்டையோடு அலைய, வன்னியபெருமாள் மட்டும் கம்ப்யூட்டரில் கூடைப்பந்து டீம் நடத்துகிறார். ஆன்லைன் விளையாட்டு. பன்னிரண்டு ஆட்டக்காரர்கள். நிஜ ஆள் ஒருத்தரும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் பொம்மை. வாங்கலாம், விற்கலாம், இஷ்டத்துக்குப் பேர் வைக்கலாம்.

பேர் வைக்கத்தான் அவர் அம்மன் கோயில் கொடைக்கு வரி எழுதும் நோட்டை எடுத்தார். அவர் தெருவான மேட்டுத்தெருவில் சரியாகப் பன்னிரண்டு தலைக்கட்டு. வீட்டுக்கு ஒரு ஆள் பேர். வேலை முடிந்தது.

வினை அங்கேதான் பிடித்தது. அடுத்த வாரமே தெரு முழுக்க அவர் கடையில் நின்றது. யார் எத்தனை பாயிண்ட், யாருக்குச் சுளுக்கு என்று விசாரணை. பெஞ்சில் உட்காரவைத்ததற்காக அய்யாத்துரை ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

சிவனாண்டிதான் டீமின் தூண். நிஜ சிவனாண்டி, பூங்கொடி புருசன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஐந்தடி. கம்ப்யூட்டர் சிவனாண்டி ஆறே முக்கால் அடி, ஆட்டத்துக்கு முப்பது பாயிண்ட். அந்தத் தெம்பில் பூங்கொடி தீப்பெட்டி ஆபீஸில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தாள்.

மூன்று வருசமாக ஆறாம் டிவிஷனில் கிடந்த டீம். இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு ஈரோட்டு டீமை ஜெயித்தால் ஐந்தாம் டிவிஷன். காலையில் பார்த்தால் சிவனாண்டியைக் காணோம். லிதுவேனியாவில் ஒரு டீமுக்கு விற்றாயிற்று.

"எங்க தலைக்கட்ட ஒதுக்கி வச்சிட்டீங்களா? அதச் சொல்லுங்க. கொடை நோட்டுல இருக்க பேரு இதுல ஏன் இல்ல?"

"அப்படியெல்லாம் இல்ல."

"ஆபீஸ்ல ஒருத்தி கேக்கா, 'ஏட்டி, ஒம் புருசன வெள்ளக்காரனுக்கு வித்துட்டாவளாமே'ன்னு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் நிக்க? விக்கணும்னா இந்தா நிக்காவளே அய்யாத்துரை அண்ணாச்சி, இவியள வித்திருக்கலாம்லா? பதினாறு ஆட்டத்துல ஒருதரம் பந்தத் தொட்டதில்ல."

அய்யாத்துரைக்குச் சுருக்கென்றது.

"என்னய ஏன் இழுக்க? நான் டிபென்ஸ்." பிறகு வன்னியபெருமாள் பக்கம் திரும்பினார். "ஆனா அவ கேக்குததுல என்னவே தப்பு? மழை இறங்குத அன்னிக்கு உழவு மாட்ட எவனாவது விப்பானா? உமக்குப் பொறாமை. டீம் ஜெயிச்சா எல்லாரும் சிவனாண்டி பேரத்தான் சொல்லுதாங்க. உம்ம பேர எவன் சொல்லுதான்?"

வன்னியபெருமாள் அடுத்த ஆதாரை எடுத்தார்.

"ஏழு மணிக்குள்ள திரும்ப வாங்குங்க" என்றாள் பூங்கொடி.

"முடியாது. அவிய தர மாட்டாவ."

"உள்ளூர்ல இருக்க மனுசன, பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேக்காம வெளிநாட்டுக்கு அனுப்ப நீங்க யாரு?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். அவளை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"ஆதார் யாருது? வாங்கிட்டுப் போங்க" என்றார், யாரையோ பார்த்து.

ஏழு மணி. தெருவே கடை முன்னால் நின்றது. சிவனாண்டி இடத்தில் அய்யாத்துரை இறங்கினார். முதல்முறையாகப் பந்து கைக்கு வந்தது. ஈரோட்டுக்காரன் கையில் பத்திரமாகக் கொடுத்தார்.

நாலு பாயிண்டில் தோல்வி. மறுபடியும் ஆறாம் டிவிஷன்.

ஆளாளுக்கு ஏசினார்கள். அய்யாத்துரை எல்லோரையும்விடச் சத்தமாக ஏசினார். பூங்கொடி மண்ணை வாரியே தூற்றிவிட்டாள். வன்னியபெருமாள் தோற்ற டீமைக் கம்ப்யூட்டரில் ஒருதரம் பார்த்தார். அணைத்தார். கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

பூங்கொடி வீட்டுக்கு வந்தாள். தெருவில் அத்தனை கூச்சல், சிவனாண்டி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலில் போனும் கையுமாகப் படுத்திருந்தான்.

"நல்லா படுத்திருக்கீங்க. எந்திரிச்சு வந்து அந்த ஆள நாலு கேள்வி கேளுங்க."

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். வாயில் நுழையாத பதினோரு பேர்களுக்கு நடுவில் ஒரு சிவனாண்டி.

"அண்ணாச்சிய ஏசாத. நான்தான் வெளிநாட்டுக்கு விக்கச் சொன்னேன்."

"நீங்களா?"

"நாலு நாளா அவர் கடையிலயே கெடந்து கெஞ்சினேன். 'மூணு வருசப் பாடுலே, கடைசி ஆட்டத்துல போய்க் கேக்குத'ன்னு வெரட்டுனாரு. நேத்து, 'ஒனக்கு எதுக்குலே வெளிநாடு'ன்னாரு. சொன்னேன். ஒன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னும் சொன்னேன். அப்புறம் மறுபேச்சுப் பேசல. வித்துட்டாரு."

"அப்படி என்னத்தச் சொன்னீங்க?"

சிவனாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

"துபாய் விசா வந்த அன்னிக்கு என் பாஸ்போர்ட்ட நீ அடுப்புல போட்டீல்லா. அதச் சொன்னேன்."