வேலைக்கு வந்த வழி

“ரோட்டுல விழுந்து காலை ஒடைச்சிக்கினா அதுக்கு நான் என்னம்மா பண்றது? என் பட்டறையிலயா விழுந்தே?”

வக்கீல் நோட்டீஸ் கிடைத்த கோபத்தில் லில்லியின் வீட்டுக்கே வந்து கத்தினார் சாயப் பட்டறை முதலாளி தாமோதரன்.

“சட்டம் மாறிப்போச்சி சார். வேலைக்கு வர்ற வழியில அடிபட்டாலும் இப்ப மொதலாளிதான் நஷ்டஈடு தரணும்” என்றாள் லில்லி, படுத்தபடியே.

“அன்னிக்கு நீ வேலைக்குத்தான் வந்தேன்னு யாரு கண்டா? லீவு போட்டுட்டு ஊர் சுத்தப் போனேன்னு சொல்லிடுவேன். எவன் உனக்குச் சாட்சி சொல்றான்னு பாக்கறேன்!”

லில்லி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“நீங்கதான் சார் சாட்சி. நான் ஆஸ்பத்திரியில நெனவில்லாம கெடந்தப்ப, போலீஸ்ல நீங்களே சொல்லியிருக்கீங்க. ‘எங்க பட்டறைப் பொண்ணுதான், வேலைக்கு வந்துக்கினு இருந்தா, வண்டி வழுக்கி அவளே விழுந்துட்டா’ன்னு.”

தாமோதரன் வாசல் பக்கம் திரும்பினார்.

“இப்ப போய் அதை மாத்திச் சொல்லுங்க. பின்னால வந்து என்னை இடிச்சது உங்க காருதான்னு நானும் சொல்றேன்.”